வண்டு மீதான விசாரணை

முதல் குற்றம்: எங்கள் பஞ்சு மில்லில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவுக்குத் தானியங்கி எந்திரம் வந்தது. அங்கே நின்று வேலை செய்த பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இரண்டாம் குற்றம்: மில் கேட்டில் வருகைப் பதிவு எந்திரம் மாட்டப்பட்டது. வழியில் சைக்கிள் பஞ்சரானவனுக்கு அரைநாள் கூலி போயிற்று.

மூன்றாம் குற்றம்: டீ குடிக்கும் இடத்தில் கேமரா பொருத்தப்பட்டது. டீ ஆறுவதற்குள் மேஸ்திரி வந்து நின்றார்.

நான்காம் குற்றம்: ஆயுத பூஜைக்கு எந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் வைத்தோம். மறுநாள் காலை, கம்ப்யூட்டரில் அடித்த ஒரு தாள் கேட்டில் ஒட்டப்பட்டிருந்தது. கேட் பூட்டப்பட்டிருந்தது.

ஐந்தாம் குற்றம்: இடிக்கும் எந்திரம் வந்து மில்லின் புகைபோக்கியைச் சாய்த்தது.

ஆறாம் குற்றம்: அந்த இடத்தில் அடுக்குமாடி எழுந்தது. அதற்குத் தானாகத் திறந்து மூடும் கேட் வைக்கப்பட்டது. எங்களில் ஒருவர்கூட வாட்ச்மேன் வேலைக்கும் எடுக்கப்படவில்லை.

ஏழாம் குற்றம்: போன மாதம், தலைவர் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, எங்கள் சங்க மண்டபத்துக்குள்ளேயே ஓர் எந்திரம் புகுந்தது.

இந்த ஏழையும் இதே வரிசையில்தான் சொல்ல வேண்டும். யாராவது மூன்றை இரண்டுக்கு முன்னால் சொல்லிவிட்டால் தலைவர் சென்னியப்பன் மேசையைத் தட்டுவார். மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்வார்.

ஏழாவது எந்திரம் ஓர் உள்ளங்கை அகலம் இருக்கும். சிவப்பு முதுகு, கறுப்புப் புள்ளிகள், அடியில் இரண்டு சக்கரம். குழந்தைகள் அதற்கு வண்டு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அதைக் கொண்டுவந்தவர் பர்வீன் என்ற இளம் ஆசிரியை. சின்னக் குழந்தைகளுக்கு விளையாட்டு ரோபோவை வைத்துக் கோடிங் சொல்லித் தருபவர். மில் காலனிப் பள்ளிக்கூடத்தில் வகுப்பறை ஒழுகியதால் வேறு இடம் தேடினார். சங்கப் பொருளாளர் நஞ்சப்பன், சனிக்கிழமை காலை மட்டும் என்று சொல்லி மண்டபச் சாவியைக் கொடுத்துவிட்டார். காலனியில் கூரை ஒழுகாத பொது இடம் அது ஒன்றுதான்.

கண்கட்டு அவிழ்த்து வந்த சென்னியப்பன் முதலில் பார்த்தது வண்டைத்தான்.

"வெளியேத்து," என்றார்.

"விசாரணை பண்ணோணுமுங்க தலைவரே," என்றார் நஞ்சப்பன்.

அது எங்கள் சங்க விதி. எங்களை விசாரணை இல்லாமல் வெளியே தள்ளினார்கள். அதனால் விசாரணை இல்லாமல் நாங்கள் யாரையும் வெளியே தள்ளுவதில்லை. மண்டபத்து ஜன்னலில் கூடு கட்டிய புறாவைக்கூடப் பொதுக்குழுவில் வைத்துப் பேசித்தான் அனுப்பினோம்.

அடுத்த சனிக்கிழமை சென்னியப்பன் கறுப்புக் கண்ணாடியும் தோளில் சிவப்புத் துண்டுமாக மண்டபத்துக்குள் நுழைந்தார். நானும் நஞ்சப்பனும் சாட்சிகளாகப் பின்னால் போனோம். தரை முழுக்கச் சாக்பீஸில் கட்டங்கள் போடப்பட்டிருந்தன. சுற்றிலும் குழந்தைகள். அவர்களில் மூத்தவனுக்கு ஏழு வயது.

"யாரம்மணி இங்க பொறுப்பு?"

"நானுங்க. பர்வீன்."

"விசாரணைக்கு வந்திருக்கேன். எந்திரத்தைக் கூப்பிடு."

பர்வீன் சிரிக்கவில்லை. வண்டைத் தூக்கி அவர் காலடியில் வைத்தார். "கேளுங்க."

சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "யாரைக் கேட்டு உள்ள வந்தே?"

வண்டு சும்மா இருந்தது.

"பதில் சொல்ல மறுக்குதுன்னு பதிவு பண்ணிக்கோ நஞ்சப்பா."

"அதுக்குக் காது இல்லீங்க அய்யா," என்றார் பர்வீன். "அட்டையில சொன்னாத்தான் தெரியும். முன்னால ஒரு கட்டம், இடது, வலது. வரிசையா வெச்சுப் பச்சைப் பொத்தானை அழுத்தணும். நாம வெச்ச வரிசையிலதான் போகும்."

வரிசை என்ற சொல் தலைவரின் காதில் நன்றாக விழுந்தது.

"வரிசை மாறினா?"

"மாறினபடியே போகும்."

"தானா அதுக்கு ஒண்ணும் தோணாதா?"

"தோணாதுங்க."

சென்னியப்பன் யோசித்தார். "விசாரிக்கிறவனுக்குக் குற்றவாளியோட பாஷை தெரியணும். கத்துக்குடு."

"உட்காருங்க."

நாற்காலிகளை எல்லாம் குழந்தைகள் சுவரோரம் அடுக்கிவிட்டிருந்தார்கள். ஒரு பேச்சுவார்த்தையில் முதுகு இல்லாத ஸ்டூலைப் போட்டார்கள் என்பதற்காக வெளிநடப்பு செய்தவர் சென்னியப்பன். சுற்றிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து பர்வீன் குரு, எங்கள் தலைவர் சீடர். இருவரில் யாரைக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

"முதல்ல வண்டு வேண்டாம்," என்றார் குரு. "மிதுனாவை நடத்துங்க. அந்த மூலைக் கட்டத்துல இட்லிக் கடை இருக்கு. அங்க கொண்டுபோய் விடுங்க."

மிதுனா ஆறு வயதுக்காரி. தலையில் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு எந்திரமாக நின்றாள்.

"முன்னேறு," என்று சென்னியப்பன் முழங்கினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. "எத்தனை கட்டம்?"

"வெற்றி கிடைக்கிற வரைக்கும்."

மிதுனா நடந்தாள். இட்லிக் கடையைத் தாண்டினாள். கட்டங்களைத் தாண்டினாள். சுவரில் முட்டினாள். முட்டியபடியே நடந்துகொண்டிருந்தாள். பெட்டி டொக் டொக்கென்று இடித்தது.

"நில்லு சாமி, நில்லு."

"நில்லுன்னு அட்டை இல்லை."

குழந்தைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள். ஹரீஷ் என்ற பையன் மட்டும் எழுந்து வந்து தலைவரின் துண்டைப் பிடித்து இழுத்தான். உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டான்.

"தாத்தா, வெற்றி எந்தக் கட்டத்துல இருக்கு?"

எத்தனையோ மேடைகளில் அந்த முழக்கத்துக்குக் கை தட்டியிருக்கிறோம். இந்தக் கேள்வியை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

சென்னியப்பன் குருவைப் பார்த்தார். குரு கட்டங்களைப் பார்த்தார். சீடர் விரலை நீட்டி ஒவ்வொரு கட்டமாக எண்ணத் தொடங்கினார்.

விசாரணை நீண்டது. ஒரு சனிக்கிழமையில் முடிய வேண்டியது அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் போயிற்று. தலைவர் வண்டை இட்லிக் கடைக்குக் கொண்டுபோனார். பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனார். ஒருமுறை குளத்துக்குள் இறக்கிவிட்டு, அது சாக்பீஸ் குளம்தான் என்று வாதாடினார்.

"வண்டு செத்துப்போச்சு தாத்தா," என்றாள் மிதுனா.

"நீச்சல் தெரியுமாக்கும் அதுக்கு."

"நீச்சல் அட்டை வெச்சீங்களா?"

"இல்லை."

"அப்ப செத்துப்போச்சு."

அவருக்கு ரொம்பப் பிடித்தது 'மறுபடியும்' அட்டைதான். அதை ஒன்று வைத்தால் போதும். முந்தைய அட்டையை வண்டு திரும்பத் திரும்பச் செய்யும்.

"இது நம்ம கோஷம் மாதிரி," என்று நஞ்சப்பனிடம் சொன்னார். "ஒருத்தன் ஒருதடவை சொன்னாப் போதும்."

"எப்ப நிறுத்தோணும்னும் சொல்லணுமுங்களே," என்றார் நஞ்சப்பன்.

"அந்த அட்டை வேற. அது உனக்குத் தெரியாது."

ஒரு நாள் ஹரீஷ் அட்டை அடுக்கி வண்டை ஓட்டினான். அது பள்ளிக்கூடக் கட்டத்துக்குப் போகாமல் சுவரோரம் திரும்பி, அங்கிருந்த தண்ணீர்ச் சொம்பைத் தட்டியது. சொம்பு சாய்ந்து, மடித்து வைத்திருந்த எங்கள் ஊர்வலப் பேனர் நனைந்தது.

சென்னியப்பன் எழுந்து நின்றார். பழைய குரல் திரும்பிவிட்டது. "எழுது நஞ்சப்பா. எட்டாம் குற்றம். எந்திரம் பேனரைப் பாழாக்கியது."

"வண்டு இல்லை தாத்தா," என்றான் ஹரீஷ். "நான். இடது வெக்கறதுக்குப் பதிலா வலது வெச்சுட்டேன்."

மற்றக் குழந்தைகள் கை தட்டினார்கள்.

தலைவருக்குக் குழப்பம். "என்ன அம்மணி இது. தப்புப் பண்ணினவனுக்குக் கை தட்டறதா?"

"எங்க தப்புன்னு தெரிஞ்சுருச்சுல்லீங்க."

"தண்டனை?"

"அட்டையை மாத்தி வெக்கணும்."

"அவ்வளவுதானா?"

"பேனரையும் காயப் போடணும்," என்றார் குரு. ஹரீஷ் அதற்குள் அதன் ஒரு நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெயிலுக்குப் போய்விட்டான்.

சீடர் அவன் பின்னாலேயே போனார். "ஏன்டா, அத்தனை பேருக்கு முன்னால நான்தான்னு சொல்றியே, பயமா இல்லையா?"

"எதுக்குப் பயம்? சொன்னாத்தானே மிஸ் மறுபடி ஓட்ட விடுவாங்க."

பேனர் காயும் வரை சென்னியப்பன் வெளியிலேயே நின்றார். திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. குருவின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு கேள்வி கேட்கணும்."

"கேளுங்க."

"எந்திரம் எங்களை வீதியில விட்டுச்சு. இந்தக் குழந்தைகளோட பாட்டன் பாட்டிகளைத்தான். அதை இவங்க மடியில வெச்சுக் கொஞ்ச விடறியே, இது நியாயமா?"

குரு வெற்று அட்டைகளையும் ஒரு பேனாவையும் அவர் முன்னால் வைத்தார்.

"நடந்ததை அட்டையில எழுதி அடுக்குங்க அய்யா. மிதுனா நடந்து காட்டுவா."

தலைவருக்கு இது சுலபம். ஏழையும் எழுதினார், வரிசை பிசகாமல் அடுக்கினார். மிதுனா பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். சீடரே முதல் அட்டையைப் படித்தார்.

"கோன் பிரிவுக்குத் தானியங்கி எந்திரம் வந்தது."

மிதுனா நகரவில்லை.

"வா சாமி. நீதான் எந்திரம். வந்தது."

"நானா எப்படி வருவேன்? யாராச்சும் அட்டை வெக்கணும்."

"சரி. வெச்சாங்க."

"யாரு?"

"நவீனமயம்," என்றார் சென்னியப்பன்.

"அவங்க வீடு எங்க?"

நஞ்சப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது ஆள் இல்லை கண்ணு. ஒரு போக்கு. நிர்வாகம்னு வெச்சுக்கோ."

"நிர்வாகம் ஆம்பளையா, பொம்பளையா?"

சென்னியப்பன் அட்டையைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். மாட்டப்பட்டது. மூன்றாவது, பொருத்தப்பட்டது. நான்காவது, ஒட்டப்பட்டது, பூட்டப்பட்டது. எத்தனை நோட்டீஸ் அடித்திருக்கிறோம். பசை காய்ச்சி, விடியுமுன் ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறோம். எல்லாவற்றிலும் எந்திரம் வந்தது, கேட் மூடியது. மனிதர் யாரும் கிட்டத்திலேயே இல்லை.

"தாத்தா, கழுத்து வலிக்குது. யாருன்னு சொல்லுங்க, நான் போறேன்."

சீடர் அட்டைகளைத் திரட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியேறினார்.

வாசலில் நஞ்சப்பன் கேட்டார். "விசாரணை முடிஞ்சுதுங்களா?"

"ஞாயித்துக்கிழமை பொதுக்குழு. ஏற்கெனவே எழுதின தீர்மானம் வரும்."

அந்தத் தீர்மானம் எங்களுக்குத் தெரியும். மேற்கண்ட ஏழு குற்றங்களுக்கும் காரணமான எந்திரத்தை மண்டபத்தை விட்டு வெளியேற்றுவது. வண்டு வெளியேறினால் வகுப்பும் வெளியேறும். போவதற்கு அவர்களுக்கு வேறு இடம் இல்லை.

பொதுக்குழு என்றால் இப்போது நாங்கள் ஒரு டஜன் பேர்கூட இல்லை. இருந்தாலும் மேசை போட்டோம், கொடியை ஏற்றினோம். பர்வீனுக்கும் அழைப்பு உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்காகப் பேச ஓர் ஆள் வேண்டும் என்பதும் எங்கள் விதி. அவர் வண்டை அதன் டப்பாவில் போட்டு மூடி, கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றார். எடுத்துப் போகத் தயாராக வந்திருந்தார். அழைக்காத குழந்தைகளும் வந்திருந்தார்கள். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே வரிசையாக முகங்கள் தெரிந்தன.

"மிஸ், வண்டுக்குத் தண்டனையா?" என்று மிதுனா வெளியிலிருந்து கேட்டாள்.

"இனிமேதான் தெரியும்."

சென்னியப்பன் தாளை எடுத்தார். "முதல் குற்றம்," என்று தொடங்கினார். அங்கேயே நின்றார்.

அவர் வரிசையை மறந்து நாங்கள் பார்த்ததில்லை.

"தீர்மானத்துல தப்பு இருக்குது," என்றார்.

"எழுத்துப் பிழையாட்டங்களா?" என்றார் நஞ்சப்பன்.

"இல்லை. எந்திரம் வந்ததுன்னு இருக்குது. எந்திரம் வராது. அதுக்குத் தோணாது. யாரோ வாங்கினாங்க. எங்க நிறுத்தணும்னு யாரோ சொன்னாங்க. இந்தப் பெண்கள் வேண்டாம்னு யாரோ கையெழுத்துப் போட்டாங்க."

"யாருன்னுதான் நமக்குத் தெரியுமே," என்றார் யாரோ, மெதுவாக.

"தெரியும். நோட்டீஸ்ல இருக்குதா?"

ருக்குமணி அக்கா எழுந்தார். கோன் பிரிவில் முதல் நாளே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். "வேண்டாமுங்க தலைவரே. அவரு பேரை இதுல எழுதாதீங்க."

"ஏன்?"

"எம் மக கல்யாணத்துக்கு வந்த மனுசனுங்க. நம்ம பந்தியில, நம்ம பாயில உக்காந்து, ரசம் நல்லா இருக்குன்னு மறுபடி வாங்கிக் குடிச்சாரு."

"அடுத்த மாசம் உன்னை வீட்டுக்கு அனுப்பினாரு."

"அனுப்புனது மெசினுங்க."

"அதை வாங்கினது யாரு ருக்குமணி?"

அக்கா உட்காரவில்லை.

மில் முதலாளி வராத கல்யாணம் எங்கள் காலனியில் கிடையாது. ஆயுத பூஜைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்களோடு வரிசையில் நின்று பொரியும் கடலையும் வாங்கிக்கொள்வார். இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். வழியில் பார்த்தால் நின்று, பேரப் பிள்ளைகளை விசாரிப்பார்.

நஞ்சப்பனுக்கு விதிதான் முக்கியம். "தலைவரே, ஒண்ணு சொல்லிப்போடறேன். குற்றவாளி இல்லாமத் தீர்மானம் நிக்காது. எந்திரம்னா எழுதினபடியே இருக்கட்டும், டப்பாவை வெளிய அனுப்பீரலாம். ஆளுன்னா ஆளு பேரைப் படிக்கோணும். அப்ப எந்திரம் விடுதலை, குழந்தைகளும் இங்கயே இருந்துக்கலாம். ரெண்டுல ஒண்ணு. பேரைச் சாட்சிகளுக்கு முன்னால சத்தமாப் படிக்கோணும். மனசுக்குள்ள படிச்சாச் செல்லாது."

"தெரியும்பா. அந்த விதியை எழுதினதே நான்தான்."

சென்னியப்பன் பேனாவை எடுத்தார். முதல் வரியில் எதையோ அடித்தார், மேலே எதையோ எழுதினார். அதற்கு நேரம் எடுக்கவில்லை. எழுதியதைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் நேரம் எடுத்தது. பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு மண்டபத்தின் கடைசி வரை நடந்து வந்தார். குருவிடம் தாளை நீட்டினார்.

"அம்மணி, நீ படிச்சுரு. உனக்குக் குரல் நல்லா இருக்குது."

"உங்க குரலை விடவா அய்யா."

"இல்லம்மா. இது எனக்கு வரமாட்டேங்குது."

குரு டப்பாவைக் கீழே வைத்தார். தாளை வாங்கவில்லை.

"நான் அவரைப் பார்த்ததே இல்லீங்க. நீங்க பார்த்திருக்கீங்க."

சென்னியப்பன் அங்கேயே, எங்களுக்கு நடுவிலேயே திரும்பி நின்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். யாரும் சொல்லாமலே நாங்கள் எழுந்து நின்றோம்.

"முதல் குற்றம்," என்றார். மைக் இல்லாமல் மில் கேட் வரை கேட்குமே, அந்தக் குரல். "கோன் பிரிவுக்குத் தானியங்கி எந்திரத்தை வாங்கி, அங்கிருந்த பெண்களை வீட்டுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட்டவர், டி. கே. வரதநாதன்."